குமாஸ்தாவும் தத்துவம் படிக்கலாம்!

பள்ளிச் சான்றிதழ் கேட்காத பல்கலைக்கழகத்தின் கதை

"காலை 8 மணி லோக்கல் ரெயிலில் தொங்கிக்கொண்டு போய், இரவு 8 மணிக்குத் திரும்புகிறவனுக்குத் தத்துவம் எதற்கு?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, டைப்ரைட்டிங் 'லோயர்' பாஸ் செய்த சான்றிதழைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, பம்பாய்க்கும் பெங்களூருக்கும் ரெயில் ஏறிய தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். பிளஸ் 2 எழுதாதவர்களும், எழுதியும் கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்களும் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கல்லூரி என்பது பஸ்சில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்த கட்டடம். அதிலும் தத்துவம் என்றால் கேட்கவே வேண்டாம்!

ஆனால் இவர்களைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டு, படிப்பு பாதியில் நின்றுபோன ஏக்கத்தோடு இருந்தவர்களுக்காக பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் பெயரே 'திறந்த பல்கலைக்கழகம்'. எந்தப் பள்ளிச் சான்றிதழும் அது கேட்கவில்லை. 1971-ஆம் ஆண்டு ஜனவரியில் பாடம் தொடங்கியபோது சுமார் 24 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். கலைப் பாடம் எடுத்தவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சாக்ரடீசும் தர்க்கமும் சொல்லிக் கொடுக்கப்பட்டன.

பள்ளிப் படிப்பையே முடிக்காதவருக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? கதவைத் திறந்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏறி வருவதற்கு ஒரு படிக்கட்டும் கட்டினார்கள். அந்தப் படிக்கட்டுக்குப் பெயர், அடித்தளப் படிப்பு.

சுரங்கத் தொழிலாளியின் மகள்

1963-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். தொழிற்கட்சியின் தலைவர் ஹரால்டு வில்சன் அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். கிளாஸ்கோ நகரில் பேசும்போது அவர் ஒரு யோசனையை வெளியிட்டார். டெலிவிஷன், ரேடியோ, தபால் ஆகியவற்றின் மூலம் வீட்டுக்கே பாடத்தைக் கொண்டுபோகும் 'ஆகாயப் பல்கலைக்கழகம்' ஒன்று வேண்டும் என்பதே அந்த யோசனை.

மறு ஆண்டு அவர் பிரதமர் ஆனார். இந்தப் பொறுப்பை ஜென்னி லீ என்ற அம்மையாரிடம் ஒப்படைத்தார். ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து, 24 வயதிலேயே பார்லிமெண்டு உறுப்பினர் ஆனவர். தொழிலாளிகளுக்கு என்று தனியாக ஒரு இரண்டாந்தரப் படிப்பு கூடாது, மற்றப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குச் சமமான பட்டம்தான் வேண்டும் என்பதில் அவர் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார்.

கேலி செய்தவர்கள் பலர். கன்சர்வேட்டிவ் கட்சியின் பிரமுகர் இயன் மெக்லியாட், இது வெறும் பிதற்றல் என்றே சொல்லிவிட்டார். இருந்தாலும் 1969-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரச சாசனம் கிடைத்தது. அடுத்த ஆண்டு தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. புதிய கல்வி மந்திரி பல்கலைக்கழகத்தை மூடிவிடுவார் என்று பலரும் பயந்தார்கள். மூடவில்லை. அந்த மந்திரி யார் தெரியுமா? பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர்!

பி.யு.சி. மாதிரி, ஆனால்...

அடித்தளப் படிப்பு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு இருந்தது. பள்ளியை விட்டு வந்த மாணவனைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார் செய்யும் ஒரு வருடம் அது. 1978-ல் பிளஸ் 2 வந்ததும் அது போய்விட்டது. அடித்தளப் படிப்பும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பி.யு.சி.யில் சேர எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருக்க வேண்டும். இங்கே எதுவும் பாஸ் செய்திருக்க வேண்டியதில்லை. 21 வயது ஆகியிருந்தால் போதும். இடம் இருக்கும்வரை, முதலில் விண்ணப்பித்தவருக்கு முதல் இடம்.

இன்னொரு வித்தியாசம்: அந்த ஒரு வருடப் படிப்பு பட்டத்தின் கணக்கிலேயே சேர்ந்துகொண்டது. பட்டம் வாங்க ஆறு 'கிரெடிட்' வேண்டும். அடித்தளப் படிப்பில் தேறினால் அதில் ஒன்று கிடைத்துவிடும். ஆண்டுக்கு ஒன்று என்று நிதானமாகப் படித்தால் ஆறு ஆண்டுகளில் பட்டதாரி.

ஒரே பாடத்துக்குள் மாணவனை உடனே அடைத்துவிடவும் இல்லை. கலைப் பாடத்தின் அடித்தளப் படிப்பில் வரலாறு, இலக்கியம், இசை, தத்துவம் எல்லாம் கலந்திருந்தன. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் ஒரு வாரம் என்றால், தர்க்கம் இன்னொரு வாரம். தத்துவப் பிரிவின் முதல் பேராசிரியராக காட்பிரே வெஸி என்பவர் இருந்தார். எதைப் படித்தால் தனக்குப் பிடிக்கும் என்றே தெரியாமல் வருகிறவர், எல்லாவற்றையும் சிறிது ருசி பார்த்துவிட்டு மேலே போகலாம். தத்துவம் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்தவர்கள், அதற்குள் நுழைந்துவிட்டோம் என்று தெரியாமலே நுழைந்தார்கள்!

முதல் மாதமே சோதனை

படிக்கும் முறை எப்படி? வாரந்தோறும் ஒரு பாடப் பகுதி. அச்சிட்ட பாடம் தபாலில் வரும். பி.பி.சி. டெலிவிஷனிலும் ரேடியோவிலும் அதை ஒட்டிய நிகழ்ச்சி இருக்கும். வீட்டுப் பாடத்தை எழுதி ஆசிரியருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் மார்க் போட்டு, தப்பு எங்கே என்று விளக்கம் எழுதித் திருப்பி அனுப்புவார். மாலை நேரத்தில் பக்கத்து ஊர்ப் படிப்பு மையத்துக்குப் போய் ஆசிரியரை நேரில் பார்க்கலாம். கோடையில் ஒரு வாரம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பரீட்சை.

தபாலை நம்பி நடத்திய படிப்புக்கு முதல் மாதமே சோதனை வந்தது. 1971 ஜனவரி 20-ந் தேதி பிரிட்டன் முழுவதும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏழு வாரம் நீடித்தது அந்தப் போராட்டம். பாடம் போகவும் வழியில்லை. விடைத்தாள் வரவும் வழியில்லை. பல்கலைக்கழகம் சொந்தமாக வண்டி ஏற்பாடு செய்து பாடங்களை மையங்களுக்கு அனுப்பி வைத்தது. மாணவர்கள் அங்கே போய் வாங்கிக்கொண்டார்கள். படிப்பு நிற்கவில்லை.

கல்தச்சர் மகன்

முதல் ஆண்டுப் பாடத்தில் சாக்ரடீசைச் சேர்த்தது பொருத்தமான காரியம். அவர் ஒரு கல்தச்சரின் மகன் என்றும், தாயார் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. ஏதென்ஸ் நகரத்துக் கடைத்தெருதான் அவருடைய பள்ளிக்கூடம். சைமன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் கடையில் உட்கார்ந்து அவர் பேசிக்கொண்டிருப்பார் என்றும் ஒரு செய்தி உண்டு.

அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கி.மு. 399-ல், சுமார் 70 வயதில், இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றம் சாட்டி அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். விஷம் குடித்து இறந்தார்.

எழுதி வைக்காதவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள். அரிஸ்டோபனீஸ் என்ற நாடக ஆசிரியர் தம்முடைய 'மேகங்கள்' நாடகத்தில் அவரை ஒரு கோமாளியாகக் காட்டுகிறார். செனபோன் என்ற போர்வீரர், நல்ல புத்தி சொல்லும் யோக்கியமான பெரிய மனிதராகக் காட்டுகிறார். சீடர் பிளேட்டோவோ, விடாமல் கேள்வி கேட்டு எதிராளியைத் திணற அடிக்கும் ஞானியாகக் காட்டுகிறார். இந்த மூவரில் உண்மையான சாக்ரடீஸ் யார்?

அடித்தளப் படிப்பு மாணவர்கள் இதைத்தான் ஆராய வேண்டியிருந்தது. யார் சொன்னார், அவருக்கு என்ன நோக்கம், எப்போது சொன்னார், நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று எடை போட்டு முடிவு சொல்ல வேண்டும். பாக்டரியில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டிருக்கும் தொழிலாளிக்கு இது புரியாத வித்தையா? கல்லூரிக்குப் போகாதவர் என்றாலும், உலகத்தைப் பார்த்தவர் ஆயிற்றே!

'மட்டும்' செய்த மாயம்

அடுத்து, தர்க்கம். பெயர்தான் பயமுறுத்தும். விஷயம் எளிமையானது. ஒரு பேச்சிலிருந்து இன்னொரு பேச்சு நியாயமாக வருகிறதா, இல்லையா என்று பார்ப்பதே தர்க்கம்.

ஓர் ஆபீசை எடுத்துக்கொள்ளலாம். மானேஜர் சொல்கிறார்: "திறமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் பிரமோஷன். இந்த ஆளுக்கு இத்தனை வருடமாகப் பிரமோஷன் கிடைக்கவில்லை. ஆகவே இவருக்குத் திறமை இல்லை."

கேட்டால் சரியாகத்தான் படும். எதிரே நிற்கும் குமாஸ்தாவும் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் இதில் ஓட்டை இருக்கிறது.

அதே வாக்கியத்தை ரெயில்வே பிளாட்பாரத்துக்குக் கொண்டுபோனால் ஓட்டை தெரிந்துவிடும். "டிக்கெட் உள்ளவர்கள் மட்டும்தான் ரெயிலில் ஏறலாம். இவர் ஏறவில்லை. ஆகவே இவரிடம் டிக்கெட் இல்லை." காலை 9 மணிக்கு தாதர் ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பாக்கெட்டில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஏற முடியாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்!

'டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் ஏறலாம்' என்பது வேறு. 'டிக்கெட் உள்ள எல்லோரும் ஏறிவிட்டார்கள்' என்பது வேறு. மானேஜர் முதலாவதைச் சொல்லிவிட்டு, இரண்டாவதைச் சொன்னது போல முடிவு கட்டினார். அவ்வளவுதான். குமாஸ்தாவுக்குத் திறமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் மானேஜர் சொன்னதிலிருந்து அது தெரியாது.

தத்துவ வகுப்பின் முதல் பாடம் இப்படிப்பட்டதுதான். தலை குனிய வேண்டிய இடம் எது, குனிய வேண்டாத இடம் எது என்று அது காட்டிக் கொடுக்கிறது.

அடுத்த படி, சொல்லின் பொருளைக் கேட்பது. 'நியாயமான கூலி வேண்டும்' என்கிறார்கள். எது நியாயம்? ஒரே நேரம் உழைத்தவர்களுக்கு ஒரே கூலி என்றால், பழகிய கைக்கும் புதிய கைக்கும் ஒன்றா? திறமைக்கு ஏற்ற கூலி என்றால், ஐந்து பிள்ளைகள் உள்ளவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? தேவைக்கு ஏற்ற கூலி என்றால், தேவையை அளப்பது யார்? ஒவ்வொரு பதிலும் புதிய கேள்வியைக் கொண்டுவருகிறது. சாக்ரடீஸ் கடைத்தெருவில் செய்தது இதைத்தான். பதிலை மாற்றிக்கொள்ளத் தயங்காமல் தேடுவதே தத்துவம்.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், பல சமயவாதிகளின் வாதங்களை மணிமேகலை கேட்டு அறிகிறாள். பிறகு அறவண அடிகள் அவளுக்குத் தர்க்க முறையை விளக்குகிறார். வாதத்தில் எங்கெங்கே பிழை வரும் என்று வகை வகையாகப் பிரித்தே அதில் சொல்லியிருக்கிறது.

வந்தவர்கள் யார்?

இத்தனையும் நல்ல செய்தி. கசப்பான செய்தியும் உண்டு.

தொழிலாளிகளை மனதில் வைத்துத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் முதலில் வந்து குவிந்தவர்கள் யார்? பள்ளி ஆசிரியர்கள்! கையால் உழைக்கும் தொழிலாளர்கள் குறைவாகவே சேர்ந்தார்கள். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் படித்துப் பழகியவருக்குத்தான் உள்ளே போகத் தைரியம் வந்தது.

சேர்ந்தவர்களும் எல்லோருமே முடிக்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்து வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் சமையலறை மேஜை காலியாகும். பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் ஆனவருக்கு ஒரு கட்டுரை எழுதுவது என்பது மலை ஏறுவது மாதிரி. அடித்தளப் படிப்பு அவசியமானது இதனால்தான். எப்படிக் குறிப்பு எடுப்பது, எப்படி வாதத்தை வரிசைப்படுத்தி எழுதுவது என்ற பழக்கம் அந்த முதல் ஆண்டில்தான் வந்தது. தப்பு செய்தால் சிரிக்காமல் திருத்தித் தர ஓர் ஆசிரியரும் இருந்தார்.

1973-ஆம் ஆண்டு ஜூனில் லண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது. அன்றிலிருந்து இன்று வரை 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறார்கள். முதல் பட்டப் படிப்புக்கு இன்றும் அங்கே பொதுவாகப் பள்ளித் தகுதி கேட்பதில்லை.

ஆக்ஸ்போர்டிலும் வந்தது

ஒரு காலத்தில் பிதற்றல் என்று ஒதுக்கப்பட்ட யோசனை, மெல்ல மெல்லப் பெரிய இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2013 முதல், பள்ளித் தகுதி இல்லாதவர்களும் சேரக்கூடிய ஓர் அடித்தள ஆண்டைக் கலைப் பாடங்களுக்கு நடத்திவருகிறது.

800 ஆண்டுப் பழமை கொண்ட கேம்பிரிட்ஜிலேயே 2022-ல் அடித்தள ஆண்டு தொடங்கியது. வறுமையாலோ, குடும்பம் சிதறியதாலோ படிப்பில் பின்தங்கிப்போனவர்களுக்கு ஆண்டுக்கு 50 இடம் என்று அறிவித்தார்கள். கட்டணம் கிடையாது. ஆக்ஸ்போர்டில் 2023-ல் தொடங்கியது. அங்கே தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்த புகழ்பெற்ற பட்டப் படிப்புக்கு இந்த அடித்தள ஆண்டு வழியாகப் போகலாம்.

ஆனால் மற்ற இடங்களில் இந்த ஆண்டுக்கும் கட்டணம் உண்டு. 2025-26 கல்வி ஆண்டு முதல் இங்கிலாந்தில் கலைப் பாட அடித்தள ஆண்டுக்கு 5,760 பவுனுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு போட்டிருக்கிறது. அதுவே ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான்.

இந்தியாவில் என்ன நிலை?

பிரிட்டனின் முன்மாதிரி இந்தியாவுக்கும் வந்தது. 1982-ல் ஐதராபாத்தில் ஆந்திர மாநிலத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்பது அதுதான். 1985-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் டெல்லியில் இந்திரா காந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகம் உருவானது. இரண்டுக்கும் முதல் துணைவேந்தர் ஒருவரே. ஜி.ராம் ரெட்டி என்பவர் அவர். பிறகு நாசிக், மைசூர், சென்னை நகரங்களிலும் மாநிலத் திறந்த பல்கலைக்கழகங்கள் வந்தன.

இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. படிப்பில் பல ஆண்டுகள் 'அடித்தளப் பாடங்கள்' என்ற பெயரிலேயே பாடங்கள் இருந்தன. தத்துவத்தைப் பி.ஏ.விலும் எம்.ஏ.விலும் எடுத்துப் படிக்கலாம். பிளஸ் 2 முடிக்காதவர்களுக்காக, பி.ஏ.வில் சேருவதற்கு முன் ஆறு மாதத் தயாரிப்புப் படிப்பு ஒன்றையும் அது ஏற்படுத்தியது. சமூக அறிவியல், வணிகவியல், கணிதம் ஆகிய மூன்றில் இரண்டை எடுத்துப் படிக்க வேண்டும். அதில் தத்துவம் கிடையாது. கதவு இங்கேயும் திறந்தது. படிக்கட்டுதான் பிரிட்டனில் கட்டியதைவிடச் சின்னது.

அவசரப்பட்டுச் சேருவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தத் தயாரிப்புப் படிப்பு பிளஸ் 2-வுக்குச் சமம் ஆகாது. பத்தாவது, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழ்நாடு அரசு 2009-ல் உத்தரவு போட்டது. ஊருக்குத் திரும்பி சர்க்கார் வேலைக்கு முயற்சி செய்ய நினைப்பவர்களும், ஆபீசில் பட்டத்தைக் காட்டிப் பிரமோஷன் கேட்க நினைப்பவர்களும் விதியை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கூடுமானால் பிளஸ் 2-வைத் தனியாக எழுதித் தேறிவிட்டுப் பட்டத்துக்குப் போவதே பத்திரமான வழி. தயாரிப்புப் படிப்பின் இப்போதைய விதிகளையும் அந்தந்த ஆண்டு விளக்கப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் ஜூனியர் காலேஜ் கலைப் பிரிவிலும், கர்நாடகத்தில் பி.யு.சி. கலைப் பிரிவிலும் தர்க்கம் ஒரு விருப்பப் பாடம். மார்க் வராது, வேலை கிடைக்காது என்று பல பெற்றோர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குவதற்கு முன் ஒரு தடவை அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

செலவில்லாத முதல் படி

தத்துவம் படித்தால் சம்பளம் கூடுமா? கூடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஹாலந்து நாட்டின் பெரும் தத்துவ ஞானி ஸ்பினோசா கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தவர். 1673-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! பதவி இல்லாமலே சிந்திக்க முடியும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

பட்டமே வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்று நினைப்பவருக்குச் செலவே கிடையாது. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்கள் 'இ-ஞான்கோஷ்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் இலவசமாக இருக்கின்றன. பிரிட்டன் பல்கலைக்கழகமும் 2006 முதல் 'ஓப்பன்லேர்ன்' என்ற பெயரில் பல பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. கையில் செல்போன் உள்ளவர் ரெயிலில் போகும்போதே படிக்கலாம். மொழி ஆங்கிலம் என்பது ஒரு தடைதான். தமிழ்ச் சங்க நூலகத்தில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தடையும் பாதி குறையும்.

அதற்கும் நேரம் இல்லையா? அடுத்த தடவை ஆபீசில் யாராவது 'மட்டும்' என்று சொல்லிவிட்டு 'ஆகவே' என்று முடித்தால், தலையைக் குனிவதற்கு முன் அந்தப் பேச்சை ஒரு நிமிடம் தாதர் பிளாட்பாரத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். தத்துவ வகுப்பின் முதல் படி அதுதான்.